மண் தின்கிறவளை ஏசாதீர்கள், ரத்தத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் மண் தின்னும் பழக்கத்தைப் பற்றி வந்த கட்டுரையையும், அதற்கு மறுவாரம் ஒரு வாசகர் எழுதியிருந்த பதிலையும் படித்தேன். கட்டுரை அதை ஒரு மனக்கோளாறு என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. பதில் எழுதியவரோ, பென்டோனைட் களிமண்ணைத் தண்ணீரில் கலக்கித் தினமும் வெறும் வயிற்றில் குடித்தால் குடலில் இருக்கும் நச்செல்லாம் போய்விடும், பக்கவிளைவே கிடையாது என்கிறார். இரண்டையும் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில், மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். இங்கே மண் தின்பது ஒளிந்து மறைந்து நடக்கிற காரியமில்லை, சந்தையில் காசு கொடுத்து வாங்குகிற பொருள். அதனால் இதைக் கொஞ்சம் அருகில் இருந்து பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் வார்விக் சந்திப்பில், பாதியில் நின்றுபோன ஒரு மேம்பாலத்தின் மேலேயே மூலிகைச் சந்தை நடக்கிறது. வேர், பட்டை, உலர்ந்த கிழங்கு, இவற்றுக்கு நடுவே சாக்கு விரிப்பில் மண்கட்டிகள் இருக்கும். சிவப்பாக இருப்பதை 'இபோம்வு' என்பார்கள், அது பெரும்பாலும் முகத்தில் பூச. வெளிர் சாம்பலும் வெள்ளையுமாக, உடைத்த சுண்ணாம்புக் கட்டி மாதிரி கிடப்பதைத்தான் வாயில் போடுவதற்கென்று கேட்டு வாங்குகிறார்கள். வாங்க வரும் ஜூலு இனப் பெண்கள் ஒரு துண்டின் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். நல்ல களிமண் நாக்கில் ஒட்டிக்கொண்டு இழுக்கும், எச்சிலை உறிஞ்சிவிட்டு அப்புறம் வழுவழுவென்று கரையும். பல்லில் நறநறத்தால் வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். அந்த நறநறப்பு பெரும்பாலும் மணல், அதாவது குவார்ட்ஸ். அது பல்லின் எனாமலைத் தேய்க்கும். படிப்பில்லாத பழக்கம் என்று நாம் நினைக்கிற இடத்தில் இப்படி ஒரு தரப் பரிசோதனை இருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருந்தால் மனக்கோளாறு என்று எழுத அவருக்குக் கை வந்திருக்காது.

ஜூலு மக்களின் பழக்கம்தானே, நமக்கென்ன என்று சொல்ல முடியாது. நம் வீடுகளில் நாமக்கட்டி, சிலேட்டுப் பல்பம், அடுப்புச் சாம்பல், திருநீறு, பச்சரிசி, ஓட்டாஞ்சில்லு என்று மசக்கைக் காலத்தில் எதைத்தான் பெண்கள் தொடவில்லை? நாமக்கட்டியும் வெள்ளைக் களிமண்தான். சங்கரன்கோவிலில் புற்றுமண் பிரசாதம், நோய் தீர வேண்டி அதை ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்ளாதவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு. புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் புகழும்போது, உன் நாட்டு மண்ணைக் கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டுத் தின்பார்களே ஒழியப் பகைவரால் உண்ண முடியாது என்கிறார். அரசனைப் பாட வந்த இடத்தில் ஒரு புலவர் இவ்வளவு இயல்பாகச் சொல்கிறார் என்றால், அன்றைக்கு அது ஊரறிந்த சங்கதி, வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்.

சரி, வயிற்றுக்கு அது என்ன செய்கிறது என்பதற்கு வருகிறேன். கட்டுரை இதைத் தொடவே இல்லை, பதில் எழுதியவரோ 'நச்சு நீக்கம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

களிமண் என்பது வெறும் அழுக்கல்ல. அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் சேர்ந்த மிக மெல்லிய தகடுகள். ஒரு துகளின் அளவு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே. தகடுகள் அப்பளக் கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கயோலின் என்கிற வெள்ளைக் களிமண்ணில் இந்த அடுக்குகள் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் தண்ணீர் உள்ளே போகாது, வெளிப்பரப்புதான் வேலை செய்யும். ஒரு கிராமுக்கு அது 10 முதல் 20 சதுர மீட்டர் வரும். பென்டோனைட், முல்தானி மட்டி இவற்றில் உள்ள ஸ்மெக்டைட் வகை வேறு மாதிரி. அதில் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து கட்டி உப்பிவிடும், உள்பரப்பும் திறந்துகொள்ளும், அப்போது ஒரு கிராமுக்குப் பல நூறு சதுர மீட்டர். அந்தப் பரப்பு பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் உடையது. அதனால் நேர்மின்னேற்றம் உள்ள எதையும், சில நச்சுகளையும் தாவர விஷங்களையும் மருந்துகளையும் உலோக அயனிகளையும், பிடித்து ஒட்ட வைத்துக்கொள்ளும். உறிஞ்சி உள்ளே கரைத்துக்கொள்வது அல்ல இது, பரப்பில் பிடித்து வைப்பது. பிடித்ததோடு சேர்ந்து மண் மலத்தில் போய்விடும்.

இதை யாரும் வீட்டிலேயே பார்க்கலாம். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, வாய்ப்புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்து, ஜென்ஷியன் வயலட், அதில் ஒரு சொட்டு விட்டு, தண்ணீர் முழுக்க ஊதாவானதும் ஒரு கரண்டி முல்தானி மட்டியைப் போட்டுக் கலக்கி, அசைக்காமல் இரவு முழுக்க வைத்துவிட்டோம். காலையில் மண் அடியில் படிந்திருந்தது, ஊதா நிறம் அத்தனையும் அந்த மண்ணில், மேலே இருந்த தண்ணீர் தெளிந்துவிட்டிருந்தது. பிள்ளைகள் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அப்போது ஒரு சிறுமி கேட்டாள், "டீச்சர், நல்ல சத்தையும் இப்படியே பிடித்துக்கொள்ளுமா?" என்று. கட்டுரையும் பதிலும் கேட்காமல் விட்ட கேள்வி அது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பிடித்து வைப்பது ஒன்று. இரண்டாவது வேலை பூசுவது. குடலின் உள்சுவரில் கோழை மாதிரி ஒரு சளிப்படலம் இருக்கிறது, கிருமியும் அமிலமும் நேரே சுவரில் படாமல் காப்பது அதுதான். ஸ்மெக்டைட் வகைக் களிமண் அந்தப் படலத்தோடு கலந்து அதைக் கெட்டிப்படுத்துகிறது என்று ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். மசக்கையில் குமட்டலும் நெஞ்செரிச்சலுமாக இருக்கிறவளுக்கு ஒரு கடி மண் இதமாகத் தோன்றுவதற்கு இது காரணமாக இருக்கலாம். சில மண்ணில் சுண்ணாம்பும் கலந்திருக்கும், அது அமிலத்தை முறிக்கும். வயிற்றுப்போக்கில் தண்ணீரை உறிஞ்சி மலத்தை இறுக்குவதும் உண்டு, ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற பலன் மட்டும்தான், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மனிதன் இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் கசப்பான காட்டு உருளைக்கிழங்கைக் களிமண் குழம்பில் தொட்டுத் தின்கிறார்கள். கிழங்கின் நச்சை மண் பிடித்துக்கொள்கிறது. கலிபோர்னியாவின் போமோ பழங்குடியினரும் சார்டீனியத் தீவுக்காரர்களும் ஓக் கொட்டை மாவில் களிமண் சேர்த்து ரொட்டி செய்தார்கள், துவர்ப்பு போவதற்கு. அதே பெருவில் மக்காவ் கிளிகள் கூட்டம் கூட்டமாக ஆற்றங்கரை மண்ணைக் கொத்துவதைப் பார்த்த ஆய்வாளர்கள், வளர்ப்புக் கிளிகளுக்கு ஒரு கசப்பு மருந்தைக் கொடுத்து, மண்ணோடும் மண்ணில்லாமலும் ரத்தத்தைச் சோதித்தபோது, மண்ணோடு தின்றவற்றின் ரத்தத்தில் மருந்தின் அளவு வெகுவாகக் குறைந்திருந்தது. 1999இல் வெளியான ஆய்வு இது. கிரேக்கத் தீவான லெம்னோசின் களிமண்ணை வில்லையாக்கி முத்திரை குத்தி விஷமுறிவாக விற்றிருக்கிறார்கள். ரோமானியர் காலத்து மருத்துவர் கேலன் தானே அந்தத் தீவுக்குப் போய் 20,000 வில்லைகள் வாங்கி வந்ததாக எழுதிவைத்திருக்கிறார்.

ஆப்பிரிக்காவையே எடுத்துக்கொள்வோம். நைஜீரியாவில் உசல்லா என்ற ஊரில் வெட்டியெடுக்கும் களிமண் மேற்கு ஆப்பிரிக்கச் சந்தைகளுக்குப் போகிறது, வயிற்றுப்போக்குக்கும் மசக்கைக்கும் வாங்குகிறார்கள். 1985இல் வெர்மீர், ஃபெரல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதைச் சோதித்து, அமெரிக்க மருந்துக் கடைகளில் கேயோபெக்டேட் என்ற பெயரில் விற்ற வயிற்றுப்போக்கு மருந்தில் இருந்த களிமண்ணை அது ஒத்திருக்கிறது என்று எழுதினார்கள். சந்தையில் சாக்கில் கிடந்தால் காட்டுமிராண்டித்தனம், பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டினால் மருந்து! அந்த மருந்திலிருந்து பிற்பாடு களிமண்ணை எடுத்துவிட்டு வேறு சரக்கு சேர்த்துவிட்டார்கள் என்பது தனிக் கதை. களிமண் மருந்து இன்றைக்கும் இல்லாமல் போகவில்லை, ஸ்மெக்டா என்று 3 கிராம் பொட்டலமாகப் பல நாடுகளில் கிடைக்கிறது. உள்ளே இருப்பது சுத்தம் செய்த ஸ்மெக்டைட் களிமண்தான்.

இது உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது? 2018இல், மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ஸ்மெக்டைட் கொடுத்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தது. போக்கு நிற்க ஆகும் காலம் ஏறக்குறைய ஒரு நாள் குறையலாம், ஆனால் ஆய்வுகளின் தரம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை என்பது அவர்கள் முடிவு. ஒரு நாள் என்பது ஒரு தாய்க்குச் சின்ன விஷயமில்லை. ஆனால் பிள்ளையைக் கொல்வது மலத்தின் தண்ணீர்த்தன்மை அல்ல, உடம்பிலிருந்து போன தண்ணீரும் உப்பும். மண் மலத்தை இறுக்கினாலும் குடலுக்குள் கசிகிற நீர் கசிந்துகொண்டேதான் இருக்கும், பார்க்கிறவர்களுக்கு நின்றுவிட்டது போலத் தோன்றும், அவ்வளவுதான். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 1990லேயே குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் கயோலின் போன்றவை வழக்கமான சிகிச்சைக்கு உதவாது என்று சொல்லிவிட்டது. முதலில் கொடுக்க வேண்டியது உப்பு சர்க்கரைக் கரைசல். பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. கூடவே துத்தநாக மாத்திரை. மலத்தில் ரத்தம், கடுங்காய்ச்சல், கண் குழிவு, சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மண்ணும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

இப்போது அந்தச் சிறுமியின் கேள்விக்கு வருகிறேன். நல்ல சத்தையும் பிடிக்கும். ஊதா மருந்துக்கும் இரும்புச்சத்துக்கும் களிமண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 1968இலேயே துருக்கி நாட்டு மண்ணை வைத்துச் செய்த சோதனையில், மண்ணோடு சேர்த்துக் கொடுத்த இரும்பு உடம்பில் ஏறுவது குறைந்துபோனது. செம்மண் சிவப்பாக இருக்கிறதே, அதில் இரும்பு இருக்குமே, ரத்தம் ஊறுமே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது துரு, குடல் அதிலிருந்து எடுத்துக்கொள்வது மிக அற்பம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் நட்டம்தான். துத்தநாகமும் அப்படியே. 1961இல் ஈரானின் ஷிராஸ் பகுதியில், இருபது வயதாகியும் சிறுவர் உயரத்திலேயே நின்றுவிட்ட, ரத்தசோகை முற்றிய இளைஞர்களைப் பற்றி மருத்துவர் ஆனந்த பிரசாத் எழுதினார். அவர்கள் மண் தின்கிறவர்கள். மனித வளர்ச்சிக்குத் துத்தநாகம் தேவை என்று மருத்துவ உலகம் அறிந்துகொள்ள அந்தக் கவனிப்புதான் வழிவிட்டது. பொட்டாசியத்தையும் களிமண் பிடித்துக்கொள்ளும், அதிகம் தின்று கைகால் தளர்ந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் உண்டு.

மருந்துக் கடைக்காரியாக எனக்கு இதைவிடப் பெரிய கவலை மாத்திரைகள். கயோலினோடு சேர்த்துச் சாப்பிட்டால் லின்கோமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து ரத்தத்தில் ஏறுவதே அரிதாகிவிடும். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின், மலேரியாவுக்கான குளோரோகுயின், சில டெட்ராசைக்ளின்கள் எல்லாம் களிமண்ணில் மாட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்கக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு இரும்பு மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு ஒரு கட்டி மண்ணைக் கடிக்கிறவளுக்கு மாத்திரை எங்கே போகும்? அடுத்த முறை ரத்தம் பார்த்துவிட்டு, "ஒழுங்காக மாத்திரை போடவில்லையா?" என்று நர்ஸ் கேட்பார். போட்டேன் என்று அவள் சொல்வது உண்மை, யாரும் நம்பமாட்டார்கள். மண்ணைப் பற்றிச் சொல்லவோ அவளுக்குக் கூச்சம்.

அடுத்தது, பூமி கொடுக்கிற மண்ணில் பூமியில் உள்ள எல்லாமே இருக்கும். ஈயம், ஆர்சனிக். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கர்ப்பிணிகளுக்கென்றே விற்கப்படும் 'கலபாஷ் சாக்' என்ற மண்கட்டியில் ஈயம் இருப்பதால் அதைத் தொடாதீர்கள் என்று பிரிட்டனும் அமெரிக்காவும் எச்சரித்திருக்கின்றன. வங்கதேசத்துப் பெண்கள் விரும்பித் தின்னும் 'சிக்கோர்' என்ற சுட்ட மண்ணிலும் ஈயமும் ஆர்சனிக்கும் இருப்பது தெரியவந்தது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது, அது வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கே போகும். சுடுவதால் புழுமுட்டை சாகும், ஈயம் போகாது. சுத்தம் செய்த ஸ்மெக்டாவிலேயே சிறிதளவு ஈயம் இருக்கலாம் என்பதால்தான் 2019இல் பிரெஞ்சு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைக் கொடுக்க வேண்டாம் என்றது. அரசாங்கம் பரிசோதிக்கிற மருந்துக்கே இந்தக் கதி என்றால், இணையத்தில் டப்பாவில் வாங்குகிற பென்டோனைட்டுக்கு யார் பொறுப்பு? அந்த டப்பாவில் பல நேரம் 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்றே அச்சடித்திருப்பதை, பதில் எழுதிய வாசகர் தயவுசெய்து ஒருமுறை பார்க்க வேண்டும். தினமும் வெறும் வயிற்றில் குடிப்பது நச்சு நீக்கம் இல்லை. நச்சை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றன. ஏதோ ஒரு விஷம் வயிற்றுக்குள் இருக்கும்போது களிமண் அதைப் பிடிக்கும், எதுவுமே இல்லாதபோது சாப்பாட்டிலுள்ள சத்தைப் பிடிக்கும், மலத்தைக் கட்டும். கட்டி இறுகிப்போய்க் குடல் அடைபட்டு அறுவை சிகிச்சை வரை போனதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

புழுவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே எங்கள் மாகாணமான குவாசூலு நாட்டாலின் வடபகுதிப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், மண் தின்னும் பிள்ளைகளிடம் உருண்டைப் புழு கூடுதலாக இருந்தது தெரிந்தது. தரைமேல் மண்ணில்தான் புழுமுட்டை இருக்கும். ஆழத்தில் வெட்டியெடுத்த களிமண்ணிலும் நன்றாகச் சுட்டதிலும் அந்த ஆபத்து குறைவு. பிள்ளை முற்றத்து மண்ணை அள்ளித் தின்றால் பூச்சி மருந்து கொடுங்கள், ரத்தமும் பாருங்கள்.

ரத்தம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. மண்ணுக்கு ஆசைப்படுவதும் ரத்தசோகையும் சேர்ந்தே திரிகின்றன. எது முன்னால், எது பின்னால் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் வாதம் உண்டு. 2011இல் சேரா யங் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் உலகெங்கிலுமிருந்து 480க்கும் மேற்பட்ட பதிவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பசியால் தின்கிறார்கள், இரும்புக்காகத் தின்கிறார்கள் என்ற விளக்கங்களைவிட, நச்சிலிருந்தும் கிருமியிலிருந்தும் வயிற்றைக் காக்கத்தான் இந்த ஆசை என்ற விளக்கமே பதிவுகளோடு அதிகம் பொருந்துகிறது என்றார்கள். வெப்ப நாடுகளில், கருவுற்ற தொடக்க மாதங்களில், சிறு பிள்ளைகளிடம் இது அதிகம், அதாவது கிருமியும் நச்சும் அதிகம் தாக்கும் இடத்திலும் வயதிலும். எனக்கு அந்த விளக்கம் சரியென்றே படுகிறது. அதேசமயம், இரும்புச்சத்து ஏற்றியதும் மண் ஆசை தானாக அடங்கிப்போனதை மருத்துவர்கள் பல காலமாக எழுதிவருகிறார்கள், என் கடைக்கு வருகிறவர்களிடமும் நான் அதைப் பார்க்கிறேன். நம் பழைய வைத்தியத்திலும் மண் தின்பதால் வரும் பாண்டு, அதாவது சோகை, என்று தனியாகவே ஒரு வகை சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் கண்டது இந்தச் சேர்க்கையைத்தான்.

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு பெண் வருவாள், முதல் பிள்ளை வயிற்றில். கூட மாமியார் வந்தால் வைட்டமின் மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். தனியாக வந்த ஒருநாள் சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டே நின்றாள், போகவில்லை. "என்னம்மா?" என்றேன். "அக்கா, மழை பெய்ததும் தரையிலிருந்து ஒரு வாசனை வருமே, அது வந்தாலே வாய் ஊறுது. தொட்டியில் இருக்கிற மண்ணை எடுத்துத் தின்னுட்டேன். அத்தை பார்த்துட்டு, எங்க வீட்டில் சோறு போடலையான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். கைவிரல் நகங்கள் வெளுத்து, நடுவில் குழிந்து, கரண்டி மாதிரி இருந்தன, அது இரும்புக் குறைவுக்குப் பழைய அடையாளம். கீழ் இமையைப் பிரித்துப் பார்த்தேன், சிவப்பே இல்லை. ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன், 8க்கும் கீழே இருந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே சோகை. மாத்திரை எப்படிச் சாப்பிட வேண்டும், டீயோடு ஏன் கூடாது, மண் சாப்பிட்டிருந்தால் எவ்வளவு நேரம் தள்ளிப் போட வேண்டும் என்றெல்லாம் சொல்லி அனுப்பினேன். சில வாரம் கழித்து வந்தபோது, "இப்ப அந்த வாசனை சும்மா வாசனையாத்தான் இருக்கு அக்கா" என்றாள். அந்த மாமியார் கெட்டவர் இல்லை. மருமகள் மண் தின்றால் ஊர் தன்னைத்தான் பேசும் என்று பயந்தவர். உங்கள் கட்டுரை மாதிரி நாலு கட்டுரை வந்தால் அந்தப் பயம் இன்னும் கூடும், பெண்கள் இன்னும் ஒளித்துத்தான் தின்பார்கள்.

இப்படி ஏசியதற்கு ஒரு கொடிய வரலாறே இருக்கிறது. கரீபியத் தீவுகளிலும் பிரேசிலிலும் தோட்ட அடிமைகள் மண் தின்றபோது முதலாளிகள் அதைத் துர்ப்பழக்கம் என்றும் வேண்டுமென்றே சாகப் பார்க்கிறார்கள் என்றும் சொல்லி, முகத்தில் தகர முகமூடியும் வாய்ப்பூட்டும் மாட்டினார்கள். அந்த மனிதர்களின் ரத்தத்தைக் கொக்கிப்புழு குடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்று பிற்கால மருத்துவர்கள் கருதினார்கள். நாங்களும் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். 1860இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி 1911 வரை இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நாட்டாலுக்கு வந்தார்கள். வெறுங்காலோடு கரும்பு வெட்டினார்கள், கொக்கிப்புழு ஏறுவது வெறுங்கால் வழியாகத்தான். எங்கள் ஆயா காலத்துப் பெண்கள் சாம்பலையும் அடுப்பு மண்ணையும் தின்றதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசுவார்கள். அவர்கள் ரத்தத்தைப் பார்க்க அன்றைக்கு யாரும் இல்லை. இன்றைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்தால் அதே நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள். மனக்கோளாறு என்ற அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள். பென்டோனைட் கடிதத்துக்குக் கீழே, கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அதைக் குடிக்க வேண்டாம் என்று ஒரு வரியாவது சேருங்கள், அதைப் படித்துவிட்டு எங்காவது ஒருவர் தன் இதய மாத்திரைக்கு முன்னால் ஒரு டம்ளர் கலக்கிக் குடித்துக்கொண்டிருக்கலாம். அப்புறம், கர்ப்பிணிகளுக்கான உங்கள் பக்கத்தில் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை என்று மாதாமாதம் ஒரு கட்டம் போடுகிறீர்கள் அல்லவா, தூக்கம், வீக்கம், வாந்தி என்று. அதில் மண், சாம்பல், நாமக்கட்டி, பல்பம், பச்சரிசி, ஐஸ் இவற்றில் எதற்காவது ஆசை வருகிறதா என்பதையும் சேர்த்து, வந்தால் ஹீமோகுளோபினும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள் என்று அச்சிடுங்கள். பக்கத்தில் இடம் போதாது என்றால் என் கடிதத்தில் மற்றதை எல்லாம் வெட்டிவிட்டு இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் போட்டாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்